மெயினைப் போடுறதுக்கு முன்னாடி

1

பண்ணைக்காட்டுலருந்து எங்கண்ணன் கூப்பிட்டாரு. அவரு மக ரேவதி பிளஸ் டூ முடிச்சுட்டா. திண்டுக்கல் ஐடிஐயில கார்ப்பென்டர் டிரேடுக்கு அவளாவே எழுதிப்போட்டு, எடமும் கெடைச்சிருச்சு. அண்ணனுக்குத்தான் மனசு ஒப்பல.

"ஏ புள்ள புஷ்பா, மரம் அறுக்குற சோலிக்கா ஒரு பொட்டப்புள்ளய அனுப்புறது? அதுல என்ன எதிர்காலம் கெடக்கு?"

"ஏண்ணே, நான் இல்லியா?"

"உனக்கு லக்கு அடிச்சுச்சு. எல்லாருக்கும் அடிக்குமா?"

குக்கர் விசிலடிக்குதுன்னு சொல்லி ஃபோன வச்சுட்டேன். அடுப்புல குக்கரே இல்ல. இன்னும் ரெண்டு வார்த்த பேசியிருந்தா சண்டதான் வந்திருக்கும். அண்ணன் நல்ல மனுஷன், சண்ட போட்டா எனக்குத்தான் சோறு எறங்காது.

லக்காம்ல லக்கு. நான் இங்க, ஆஸ்திரேலியாவுல ஒரு சின்ன ஊர்ல, ஜன்னல், கதவு, மாடிப்படி செய்யுற பட்டறையில உட் மெஷினிஸ்ட். சான்றிதழ் வாங்கின மெஷினிஸ்ட். அதாவது தச்சருக்கு முன்னாடி நிக்கிற ஆளு. முழுப் பலகை எங்கிட்ட வரும். எந்தக் கத்தி, எந்த வேகம், மரத்துக்கு அணையா நிக்கிற வேலி எந்த எடத்துல இருக்கணும்னு பாத்து மிஷினத் தயார் பண்ணி, மரத்த உள்ள விட்டு வெளிய எடுப்பேன். அது வெளிய வரும்போது ஜன்னல் சட்டமா வரும். ஒரு மயிரிழை தப்பினா தச்சர் என்னத்தக் குட்டிக்கரணம் போட்டாலும் கண்ணாடி உக்காராது. இதுல லக்கு எங்க வருது? அண்ணனுக்குச் சொல்ல முடியாதத உங்க எல்லாருக்கும் சொல்லிருறேன். அவரும் வாசிப்பாரு, எனக்குத் தெரியும்.

2

இங்க நாங்க வெள்ளனே எந்திரிக்கணும். பட்டறை ஏழு மணிக்கு. எங்க வீட்டுக்காரரு செல்வம், ஒரு காலத்துல பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் ஜீப்பு ஓட்டினவரு, இங்க பழக் கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாரு. அவருதான் எனக்கு முன்னாடி எந்திரிச்சுத் தேத்தண்ணி போடுவாரு. தேத்தண்ணிங்கிறது எங்க அப்பாவோட வார்த்தை. இலங்கையில தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்து, சின்னப் பையனா இந்தியாப் பக்கம் வந்து, பண்ணைக்காட்டுல காப்பித் தோட்டத்துல வேலை பாத்தாரு. காப்பித் தோட்டத்துலயே கெடந்தும் கடைசி வரைக்கும் தேத்தண்ணிதான் குடிச்சாரு. அந்த வார்த்தைய அவர்கிட்டருந்து நான் எடுத்துக்கிட்டேன், எங்கிட்டருந்து செல்வம் எடுத்துக்கிட்டாரு. எங்க மக தீபா மட்டும் "டீ"ங்குறா, அதையும் வேண்டாங்குறா.

பட்டறைக்கு வந்த மொத வாரத்துல ஒரு பலகைய எறக்கி இழைச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல முழங்கைக்குக் கீழ அரிக்க ஆரம்பிச்சுச்சு. எனக்கு ஒரே சிரிப்பு. இந்த அரிப்பு எனக்குப் பதினேழு வயசுலருந்து பழக்கம். பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்துல நெழலுக்கு நிக்குதே சில்வர் ஓக், அந்த மரத்தூள்பட்டா இப்படித்தான் அரிக்கும். எங்க ஃபோர்மேன் கிரெக்கைக் கூப்பிட்டு, "இது எங்க ஊரு மரம்"னேன்.

கிரெக்குன்னா மலைமாதிரி ஒடம்பு, பேசறது மட்டும் மெதுவா. "இல்ல புஷ்பா, இது எங்க ஊரு மரம். உங்க ஊருக்கு யாரோ கொண்டுபோயிருக்காங்க"ன்னாரு.

நான் விடல. போயி விசாரிச்சா அவரு சொன்னதுதான் சரி. நம்ம சில்வர் ஓக்கும், கொடைக்கானல் மேட்டுல பூத்துக் கெடக்குற வாட்டிலும், யூக்கலிப்டசும் எல்லாமே இங்கருந்து வந்த சரக்கு. எனக்கு முன்னாடியே எங்க ஊருக்கும் இந்த ஊருக்கும் போக்குவரத்து இருந்திருக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து செல்வத்துக்கிட்ட, "நாம வெளிநாட்டுக்கு வரலைங்க, மரம் பொறந்த வீட்டுக்கு வந்திருக்கோம்"னேன். அவரு அரிப்புக்குத் தேங்காயெண்ண எடுத்துக் குடுத்தாரு.

அதே வாரத்துல இன்னொண்ணு. பத்து மணிக்கு எல்லாரும் "ஸ்மோக்கோ, ஸ்மோக்கோ"ன்னு என்னையும் கூப்பிட்டாங்க. "எனக்குச் சிகரெட் பழக்கம் இல்ல"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு மிஷின்கிட்டயே நின்னேன். ரெண்டு நாள் பட்டினியா நின்ன பிறகுதான் அது தேத்தண்ணி நேரம்னு தெரிஞ்சுச்சு.

3

நான் மிஷின் பழகினது பண்ணைக்காட்டுப் பெட்டி மில்லுல. மேல கொடைக்கானல் பக்கம் பேரிக்கா சீசன் வந்தா, பழம் ஏத்துறதுக்கு மரப்பெட்டி வேணும். தங்கராசு மொதலாளி மில்லுல அந்தப் பெட்டிக்குப் பலகை அறுத்து, ஆணி அடிச்சு அடுக்குவோம். ஆணி அடிக்கிறது பொம்பளைங்க, ரம்பத்துல நிக்கிறது ஆம்பளைங்க.

ஒரு வருஷம் நல்ல சீசன்ல ரம்பத்துல நின்ன ஆளு திருப்பூருக்குப் போயிட்டாரு. பழம் மரத்துல பழுத்து நிக்குது, பெட்டி இல்ல. மொதலாளி தலையில கை வச்சு உக்காந்திருந்தாரு. நான் போயி, "நான் நிக்கிறேன் மொதலாளி"ன்னேன். பத்தாப்பு முடிச்சுட்டு வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்தவ நான். ஆணி அடிக்கிற நேரம் போக மிச்ச நேரம் பூராவும் அந்த ரம்பத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

"பொட்டப்புள்ள, கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஆம்பளக் கை போனா மட்டும் திரும்ப மொளைக்குமா மொதலாளி?"

மில்லே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சுட்டாரு. அந்த சீசன் பூரா, அதுக்கடுத்து வந்த சீசன்லயும் நான்தான் ரம்பத்துல நின்னேன். இந்தா, பத்து வெரலும் பத்திரமா இருக்கு.

அந்த மில்லுல ஒரு வழக்கம். காலையில எல்லாரும் வந்ததும் அவங்கவங்க மிஷினத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். ஆணி அடிக்கிறவங்க சுத்தியலத் தொடுவாங்க. அந்தோணி அண்ணன் சிலுவ போட்டுட்டுத் தொடுவாரு. நான் ரம்பத்து மேசையத் தொடுவேன். மொதலாளி மெயின் சுவிட்சுக்கிட்ட நின்னுக்கிட்டு, மழை பெஞ்சாலும் கேக்குற தொண்டையில கத்துவாரு: "ஏலே, எல்லாரும் தொட்டாச்சா?" "தொட்டாச்சு"ன்னு எல்லாரும் சொன்ன பிறகுதான் மெயினப் போடுவாரு. ஒருத்தர் சொல்லலேன்னாலும் போடமாட்டாரு. எங்க அப்பா ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்தப்ப இதக் கேட்டுட்டு, "எங்க தோட்டத்துல காலையில பெரட்டுக்கு வரிசையா நிக்க வச்சு ஆளக் கணக்கெடுக்குற மாதிரியே இருக்கே"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

அது சாமிக்குன்னுதான் நான் அப்ப நெனச்சேன். நீங்களும் அப்படித்தான் நெனைப்பீங்க. பஸ் டிரைவர் ஸ்டியரிங்கத் தொட்டுக் கும்பிடுறாரு, கடைக்காரர் தராசத் தொட்டுக் கும்பிடுறாரு, நாம யாரு காரணம் கேக்குறோம்?

4

மில்லுல சம்பாதிச்ச தைரியத்துல திண்டுக்கல் ஐடிஐயில கார்ப்பென்டர் டிரேடு சேந்தேன். வகுப்புல நான் ஒருத்திதான் பொண்ணு. பயலுக மொத வாரம் கேலி பண்ணினாங்க, ரெண்டாவது வாரம் எங்கிட்ட வந்து அளவு சரியான்னு கேட்டாங்க. முடிச்சதும் கோயமுத்தூர்ல அலமாரி, சமையக்கட்டு மேடை செய்யுற பெரிய கம்பெனி. அங்கதான் எல்லா மிஷினும் பழகினேன். இழைக்கிறது, துளைக்கிறது, ஓரம் ஒட்டுறது, கடைசியில கம்ப்யூட்டர் வச்ச மிஷின். அதுக்கு நடுவுல கல்யாணம், தீபா. ஆறேழு வருஷம் போனப்ப, வெளிநாட்டுல மர மிஷினுக்கு ஆள் எடுக்குறாங்கன்னு கூட வேலை பாத்த ஒருத்தர் சொன்னாரு.

ஆள் எடுக்குறாங்கங்கிறது உண்ம. ஆனா நம்ம ஊர்ல பாத்த வேலைக்கு ஆதாரம் கேப்பாங்க. கோயமுத்தூர் கம்பெனி நல்ல தாள்ல அடிச்சுக் குடுத்துருச்சு. தங்கராசு மொதலாளிக்கு ஏது லெட்டர்பேடு? பில் புஸ்தகத்துல ஒரு தாளக் கிழிச்சு, நான் அஞ்சாறு சீசன் ரம்பத்துல நின்னேன்னு நீல மையில எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. தாளுக்கு மேல வழக்கம்போல "முருகன் துணை"ன்னு அச்சடிச்சிருக்கு, பக்கத்துல வேலோட முருகன் படம். மொழிபெயர்த்தவரு அதையும் விடாம பெயர்த்துட்டாரு.

அத சரிபாக்குற வெளிநாட்டு ஆபீசுலருந்து மெயில் வந்துச்சு. கடிதத்துல துணையா இருக்குறதாச் சொல்லியிருக்குற திரு. முருகன் யாரு, கம்பெனியில அவரு என்ன பொறுப்பு, அவரோட ஃபோன் நம்பரும் வேணும்னு. செல்வம் அதப் படிச்சுட்டு, "பழனிமலை அடிவாரத்துல வந்து நின்னு கேக்கச் சொல்லு, எல்லாருக்கும் நம்பர் தெரியும்"னாரு. நான் என்ன எழுதுறதுன்னு தெரியாம, "அவரு எங்க மலைக்கே பொறுப்பு, தினசரி நிர்வாகத்துல தலையிடுறதில்ல"ன்னு எழுதினேன். ஏத்துக்கிட்டாங்க. சிரிக்காதீங்க, சத்தியமா ஏத்துக்கிட்டாங்க.

5

இங்க வந்தது தற்காலிக விசாவுல. அது முடியுறதுக்குள்ள இந்த நாட்டு மெஷினிஸ்ட் சான்றிதழ் வாங்கிட்டா பட்டறை என்னை நிரந்தரமா வச்சுக்கும், மூணு பேரும் இருக்கலாம். வாங்கலேன்னா மூணு பேரும் மூட்டையக் கட்டணும். தீபா இங்க பள்ளிக்கூடத்துல சேந்து, கூட்டாளிகளச் சேத்து, இங்கிலீஷ்லயே கனவு காணுற அளவுக்கு வந்துட்டா. செல்வம் ஜீப்ப வித்துட்டு வந்தவரு. எல்லாம் என் கையில இருந்துச்சு. நான் சொல்றது பேச்சுக்கு இல்ல, நெசமாவே என் கையிலதான்.

எழுத்துத் தேர்வுல தேறிட்டேன். அடுத்தது செய்முறை. பயிற்சி நிலையத்துல, மேசை நடுவுல கத்தி நட்டமா நின்னு சுத்துற ஸ்பிண்டில் மிஷின்ல ஜன்னல் சட்டத்துக்கு விளிம்பு எடுத்துக் காட்டணும். ராவும் பகலும் அத மனசுலயே செஞ்சு பாத்தேன். சோறு வடிக்கும்போது கூட வேலிய எங்க நிறுத்தணும்னு யோசிச்சேன்.

பரீட்சை பாக்க வந்தவரு ஆலன். ஒல்லியான மனுஷன், மரியாதையானவரு. மிஷின் தயாரா இருந்துச்சு, கத்தி மாட்டி, கரண்டு வந்து, பொத்தான அழுத்தினா சுத்துற நெலமையில. "ஆரம்பிங்க"ன்னாரு.

என் கை போச்சு. நான் அனுப்பல, தானாப் போச்சு. கத்திக்குப் பக்கத்துல மிஷின் மேசையத் தொட்டுச்சு. அடுத்தது போட்டிருந்த கண்ணாடியத் தூக்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சு.

"நிறுத்துங்க"ன்னாரு ஆலன்.

கரண்டு இருக்குற மிஷின்ல, கத்திகிட்ட கை. பாதுகாப்புக் கண்ணாடி நெத்தியில. ரெண்டுமே மன்னிக்கவே முடியாத தப்பு, அதோட பரீட்சை முடிஞ்சுச்சு. நான் இன்னும் ஒரு துண்டு மரத்தக்கூடத் தொடல. ஆலனுக்கே கஷ்டமாப் போச்சு. "நீங்க எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"ன்னு கேட்டாரு. நான் கண்ணாடிய மறுபடியும் கண்ணுக்கு எறக்கினேன். தாள்ல "இன்னும் தேறவில்லை"ன்னு எழுதிக் குடுத்தாரு. பஸ்சுல வரும்போது அழுதேன். எனக்கு வேலை தெரியலைன்னு சொல்லியிருந்தா ஆறியிருக்கும். வேலையக் காட்டவே விடாம என் கையே என்னைக் கவுத்துருச்சேன்னுதான் ஆத்தாம அழுதேன்.

இன்னொரு வாய்ப்பு உண்டு. ஒண்ணே ஒண்ணு.

6

வீட்டுல என் கையத் திருத்துற சோலி ஆரம்பிச்சுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு நான் எதையெல்லாம் தொட்டுக் கும்பிடுறேன்னு. அடுப்பப் பத்தவைக்கும்போது, கார்ல ஏறும்போது, சம்பளச் சீட்டு வந்தா, தீபாவோட பாடப்புஸ்தகம் கால்ல பட்டா. செல்வம் ஒரு மரக்கரண்டிய வச்சுக்கிட்டு, என் கை கெளம்பினா ஒரு தட்டு தட்டுவாரு. ஒரு நாள் சூப்பர்மார்க்கெட் வண்டியத் தள்ளுறதுக்கு முன்னாடி அவரே தொட்டுக் கும்பிட்டாரு. நான் கரண்டியக் கேட்டேன், வீட்டுல வச்சுட்டு வந்துட்டாராம்.

தீபாவுக்கு எரிச்சல். "அம்மா, ஜஸ்ட் டோன்ட் டூ இட். இதுல என்ன கஷ்டம்? எல்லார் முன்னாடியும் நீ செய்யுறது எனக்கு எவ்வளவு வெக்கமா இருக்கு தெரியுமா?"ன்னா. அவ அரத் தமிழும் அர இங்கிலீஷுமாத்தான் கோவிப்பா. அவளுக்கு அது வெறும் கை அசைவு. அவளக் குத்தம் சொல்ல முடியல. ஊருக்குத் திரும்பிப் போகணும்னா அவதான் ரொம்ப எழக்கப்போறா, அந்தப் பயம் அவளுக்கு.

பட்டறையில கிரெக் ஒரு நாள் தேத்தண்ணி நேரத்துல, "என்னதான் ஆச்சு?"ன்னாரு. சொன்னேன். அவரு ரொம்ப நேரம் பிஸ்கட்டத் தேத்தண்ணியில முக்கி வச்சிருந்தாரு, அது உடஞ்சு உள்ள விழுந்துருச்சு.

"நீ இங்க தெனமும் செய்யுறியே அது. வந்த நாள்லருந்து பாக்குறேன்."

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ தொடுறப்ப நான் மெயின் போட்டிருக்கவே மாட்டேன்."

தங்கராசு மொதலாளி மெயின் சுவிட்சுக்கிட்ட நிக்கிறது கண்ணு முன்னால வந்துச்சு. எல்லாரும் தொட்டாச்சா, அதுக்கப்புறம்தான் மெயின். எங்க மில்லுல கரண்டு இருக்குற மிஷின ஒருத்தரும் கும்பிட்டதே இல்ல. கும்பிட்டு முடியுற வரைக்கும் மிஷின் செத்த மிஷின். எல்லாரும் கைய எடுத்துட்டாங்கன்னு ஒவ்வொரு வாயாலயும் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவரு உயிர் குடுப்பாரு. இங்க ஒவ்வொரு ஆளும் மெயின்ல தன் பூட்டப் போட்டு, தானே தொறந்தாத்தான் கரண்டுங்கிறாங்களே, அதேதான். எங்க மொதலாளிகிட்டப் பூட்டு இல்ல, தொண்டை இருந்துச்சு.

நான் மறக்க வேண்டியது கும்பிடுறத இல்ல. பரீட்சை ஹால்ல மெயின் போட்டுக் கெடந்துச்சு, அத நான் பாக்காம விட்டதுதான் தப்பு. அன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அந்த மரக்கரண்டிய எடுத்து ரசத்துல போட்டேன்.

7

ரெண்டாவது தடவையும் ஆலன்தான். அதே ஹால், அதே மிஷின், அதே மாதிரி கரண்டோட தயாரா. "ஆரம்பிங்க"ன்னாரு.

ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டேன். கிரெக்குகிட்டப் பல தடவ சொல்லிப் பாத்த இங்கிலீஷ்ல சொன்னேன். "சார், மொதல்ல மெயின நிறுத்தி என் பூட்டப் போடப்போறேன். அதுக்கப்புறம் மிஷினத் தொடுவேன். தொட்டு என் கண்ணுல ஒத்திக்குவேன். அது எங்க ஊரு வழக்கம், அத நான் விடமாட்டேன். போன தடவ தொட்டது தப்பு இல்ல. கரண்டு இருக்கும்போது தொட்டதுதான் தப்பு."

ஆலன் பேனாவக் கீழ வச்சாரு. என்னையே பாத்தாரு. என் நெஞ்சு அடிச்ச அடி, வெளிய தீபாவோட ஒக்காந்திருந்த செல்வத்துக்கே கேட்டிருக்கும்.

"உங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தானா?"

"எல்லாரும் தொட்டு முடிக்கிற வரைக்கும் மொதலாளி மெயினத் தொடமாட்டாரு சார்."

"நல்ல மொதலாளி. செய்யுங்க"ன்னாரு.

மெயின எறக்கினேன். என் பூட்டப் போட்டுச் சாவிய சட்டைப்பைல வச்சேன். பொத்தான அழுத்திப் பாத்தேன், மிஷின் அசையல. அப்பத்தான் கண்ணாடியக் கழட்டினேன். மேசை பூரா உள்ளங்கைய வச்சுத் தடவினேன். ஓரத்துல காஞ்ச பசை ஒரு பொட்டு நெருடுச்சு, அதச் சொரண்டி எடுத்தேன். கத்தி இறுக்கமா இருக்கான்னு பாத்தேன், கையாலயே ஒரு சுத்துச் சுத்தி எங்கயும் தட்டலேன்னு உறுதி பண்ணேன். கடைசியா ரெண்டு கையாலயும் மேசையத் தொட்டு நல்லா நெறைவாக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அவசரமே படல. "முருகா"ன்னு வாய்விட்டே சொன்னேன். திரு. முருகனுக்கு இந்த நாட்டுல ஏற்கெனவே ஃபைல் இருக்குல்ல.

கண்ணாடி, காதுக்கு மூடி மாட்டி, கத்திக்கு மறைப்புப் போட்டு, மரத்தத் தள்ளுற கட்டையையும் எடுத்துக்கிட்ட பிறகு பூட்டத் தொறந்து மெயினப் போட்டேன். மொதல்ல கழிவு மரத்துல ஒண்ணு ஓட்டிப் பாத்தேன். அர மில்லி கூட இருந்துச்சு. வேலிய ஒரு பொட்டு நகத்தினேன், ரெண்டாவது துண்டு சரியா வந்துச்சு. அதுக்கப்புறம் நல்ல மரத்த விட்டேன் பாருங்க, வெண்ண வெட்டுற மாதிரி போச்சு. நாலு சட்டத்தையும் சேத்து மேசையில வச்சேன். ஆலன் மூலைக்கு மூலை மட்டம் பாக்குற கருவிய வச்சுப் பாத்தாரு. இணைப்புல நெகத்த விட்டுப் பாத்தாரு, எறங்கல.

"தேறியாச்சு"ன்னு தாள்ல எழுதுறதுக்கு முன்னாடியே வாயால சொல்லிட்டாரு. நான் அவரு கையப் பிடிச்சு ரெண்டு குலுக்குக் குலுக்கிட்டு ஓடினேன். செல்வம் வெளிய நின்னு, எம்மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாரு. தீபா என்னைக் கட்டிப்பிடிச்சா. பக்கத்துல ரோட்டுல ஆளுக போனாங்க, வந்தாங்க. அன்னைக்கு அவ யாருக்கும் வெக்கப்படல.

8

அண்ணன் கேட்ட எதிர்காலத்துக்கு வர்றேன். ஐடிஐ ஒரு வருஷம். அதோட நின்னா ஆணி அடிக்கத்தான் வைப்பாங்க. அங்கருந்து மிஷின் இருக்குற கம்பெனிக்குப் போகணும், கோயமுத்தூர், பெங்களூரு, எங்கயானாலும். கூட்டிப் பெருக்கச் சொன்னா பெருக்கிக்கிட்டே மிஷினப் பாக்கணும். கத்தி தீட்டப் பழகணும், கம்ப்யூட்டர் மிஷின விடக்கூடாது. கணக்கு வரணும், பின்னம், தசமம் ரெண்டும் தண்ணி பட்ட பாடா இருக்கணும். தூசிக்கு மூக்க மூடணும், சத்தத்துக்குக் காத மூடணும், இதுல பகட்டு கூடாது. இங்க பயலுக நாலு வருஷம் சம்பளம் வாங்கிக்கிட்டே படிக்கிறாங்க. முடிச்சா மெஷினிஸ்ட், பிறகு ஃபோர்மேன், சிலரு சொந்தப் பட்டறை. மரச் சாமான் வேணாம்னு சொல்ற வீடு நான் இன்னும் பாக்கல. மிஷின் முன்னாடி நிக்கத் தெரிஞ்ச ஆளுதான் கெடைக்கமாட்டேங்குது.

எல்லாம் இனிக்கும்னு சொல்லல. அந்தப் பரீட்சை முடிஞ்சு வருஷம் பல ஓடிருச்சு, தீபா இப்பக் கார் ஓட்டப் பழகுறா. ஸ்டியரிங்கத் தொட்டுக் கும்பிடமாட்டா. அம்மாவோட ஊரு அவளுக்கு லீவுல போற எடம், அங்க போனா ரெண்டாவது நாளே வைஃபை எங்கன்னு தேடுவா. எனக்குச் சில நேரம் நெஞ்சு வலிக்கத்தான் செய்யுது. ஆனா வண்டியில ஏறினா பெல்ட்டப் போட்டு, கண்ணாடியெல்லாம் திருப்பிப் பாத்து, பிறகு ஒரு நிமிஷம் சும்மா ஒக்காந்திருந்துட்டுத்தான் சாவியத் திருகுறா. எனக்கு அது போதும்.

இப்ப அண்ணனுக்கு. ஃபோன வச்சதுக்கு மறுநாள் காலையில பட்டறையில என் செல்லுல ஒரு ஒலிப்பதிவு பண்ணேன். பண்ணி, ஒரு வார்த்தகூடச் சேக்காம அண்ணனுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன். அதுல இருக்குறது, நான் சான்றிதழ் வாங்கின வாரத்துலருந்து எங்க பட்டறையில தெனமும் காலையில நடக்குறதோட சத்தம்தான். பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் சிலுவ போட்டுட்டு மிஷினத் தொடுவாரு. வியட்நாம் அக்கா தலையக் குனிஞ்சு தொடுவாங்க. உள்ளூர்ப் பயலுக சும்மா ஒரு தட்டு தட்டுவாங்க. கிரெக் மெயின் சுவிட்சுகிட்ட நின்னுக்கிட்டு, மெதுவாப் பேசுற அந்த மனுஷன், கூர அதிரத் தமிழ்லயே கத்துவாரு.

"தொட்டாச்சா?"

"தொட்டாச்சு"ன்னு வரிசையா ஒவ்வொரு வாயும் சொல்லும், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க நாக்குக்கு வந்த மாதிரி. நான் கடைசி. நான் சொன்னதும் கிரெக் மெயினப் போடுவாரு, மிஷினெல்லாம் ஒண்ணா எந்திரிக்கும்.

அண்ணன் மூணாவது நாள் கூப்பிட்டாரு.

"ஏ புள்ள, யாரு அது, நம்ம தங்கராசு மொதலாளி மாதிரியே கத்துறான்?"

"எங்க ஃபோர்மேன்ணே. வெள்ளக்காரரு."

"வெள்ளக்காரனா?" அவருக்குப் பின்னாடி வத்தலக்குண்டு பஸ் ஹாரன் அடிச்சுப் போறது கேட்டுச்சு. "நம்ம மில்லு வழக்கத்த அவன் கத்துக்கிட்டானாக்கும்."

"ஆமாண்ணே."

"உனக்கு லக்குன்னு சொன்னேன்ல. அத விடு. ரேவதி பணம் கட்டிட்டா, திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாக. மொத பஸ்சுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு, அங்க மிஷினத் தொடுறதுக்கு முன்னாடி மெயின் எங்க இருக்குன்னு கேக்கச் சொல்லணும், அதான?"

"அதேதாண்ணே"ன்னேன்.